கட்டிங் மாஸ்டர் போட்ட கோடு

என் அக்காள் பொன்னாத்தாளின் வீட்டுக்காரர் மருதாசலத்துக்குக் கோணல் என்றால் ஆகவே ஆகாது. கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தால் தன் இலையை நேராக்குவதோடு விடமாட்டார். பக்கத்து ஆள் இலையையும் இழுத்து நேராக்கிவிட்டுத்தான் சோற்றில் கை வைப்பார். ஒரு தடவை துக்கம் கேட்கப் போன வீட்டில், செத்தவர் போட்டோ ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது என்று எழுந்து போய்ச் சரி செய்தார். அழுதுகொண்டிருந்தவர்கள்கூட அழுகையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். "இந்த மனுசனக் கூட்டிட்டு ஒரு பக்கம் போக முடியுதா?" என்று அக்காள் தலையில் அடித்துக்கொள்வாள்.

எனக்கு அவரைக் கண்டாலே எரிச்சல் வரும். ஆனாலும் அவர் வீட்டில்தான் இருந்தேன். கட்டிக்கொடுத்த இடத்தில் இரண்டு வருசம் குப்பை கொட்டிவிட்டு, முடியாமல் திருப்பூருக்கு வந்தவள் நான். "எத்தன நாளைக்கு வேணாலும் இரு அம்மிணி" என்று சொன்னவர் மாமாதான், அக்காள் இல்லை. அது தெரிந்தும் எரிச்சல் வந்தது. உண்மையைச் சொல்வதற்கென்ன.

அவருக்குக் குன்னத்தூர்ப் பக்கம் ஒரு சின்ன ஊர். பதினேழு வயதில் திருப்பூர் வந்து, துணி மூட்டை தூக்கி, பீஸ் அடுக்கி, கத்தரி பிடிக்கப் பழகி, எண்பதுகளில் எக்ஸ்போர்ட் பெருகியபோது பெரிய கம்பெனி ஒன்றில் கட்டிங் மாஸ்டர் ஆகிவிட்டார். கழுத்தில் எப்போதும் ஒரு இன்ச் டேப் தொங்கும். தூங்கும்போது மட்டும்தான் கழற்றுவார்.

அவருக்கும் முதலாளிக்கும் வாரம் ஒரு சண்டை உண்டு. பனியன் துணி இழுபட்டுச் சுருண்டு வரும். அதை உதறி விரித்து, ஒரு நாள் சும்மா கிடக்கவிட்டால்தான் அது தன் சொந்த அளவுக்குத் திரும்பும். அதற்குப் பிறகு மார்க் செய்து வெட்ட வேண்டும். அவசரப்பட்டு இழுத்த வாக்கில் வெட்டினால், தைத்த பிறகு ஒவ்வொரு பீஸும் ஒவ்வொரு அளவில் நிற்கும். "துணிக்கு என்னய்யா ரெஸ்ட்டு? ஷிப்மெண்ட் நிக்குது" என்று முதலாளி குதிப்பார். "இழுத்த துணியில நான் கோடு போட மாட்டனுங்க" என்று மாமா கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். கடைசியில் முதலாளிதான் இறங்கி வருவார். மாமா வெட்டிய சரக்கு அளவு தப்பித் திரும்பியதாகச் சரித்திரமே இல்லை.

நான் அதே கம்பெனியில் செக்கிங். தைத்து வரும் பீஸை விளக்குக்கு அடியில் விரித்து, ஓட்டை, கறை, தையல் விட்டது, அளவு தப்பியது எல்லாம் பார்த்து, குறை இருக்கும் இடத்தில் ஒரு சின்ன ஸ்டிக்கர் ஒட்டி எடுத்துப் போட வேண்டும். ஒரு நாளைக்கு அறுநூறு எழுநூறு பீஸ் கண்ணில் படும். குறை கண்டுபிடிக்கத்தான் எனக்குச் சம்பளம். வீட்டிலும் அதையே செய்கிறேன் என்று அக்காள் கேலி செய்வாள்.

தொண்ணூற்றிரண்டு பொங்கலுக்கு முன்னால் அக்காளுக்கு இடது மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. அவள் கார்த்திகையிலேயே பார்த்துவிட்டாள். எங்களிடம் சொன்னது மார்கழி முடியும்போது. அப்போது திருப்பூரில் மார்பைப் படம் எடுக்கிற வசதி கிடையாது. கோயமுத்தூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். மார்பை இரண்டு தட்டுக்கு நடுவில் வைத்து அமுக்கிப் படம் எடுத்தார்கள். டாக்டர் அதை வெளிச்சப் பெட்டியில் மாட்டிக் காட்டினார். கறுப்பு ஃபிலிமில் பொடி உப்பைத் தூவியது மாதிரி வெள்ளை வெள்ளையாக இருந்தது. மாமா அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். பெட்டியில் ஃபிலிம் கொஞ்சம் சாய்ந்துதான் மாட்டியிருந்தது. அன்றைக்கு அவர் கை அதைத் தொடவில்லை.

தை மாதம் ஆபரேசன். மார்பை எடுத்துவிட்டார்கள். அக்குளில் தொடங்கி நெஞ்சுக்கூட்டின் கீழ்ப்பக்கம் வரை சரிவாக ஒரு நீளத் தழும்பு. புண் ஆறியதும், "மிச்சம் மீதி ஏதாவது ஒட்டியிருந்தா அதைக் கொல்றதுக்கு இருபத்தஞ்சு நாள் கரண்ட் வைக்கணும். நடுவுல விடக்கூடாது, இடம் தப்பக்கூடாது. அப்படிச் செஞ்சா உங்க சம்சாரம் பிழைக்கறதுக்கு நல்ல வாய்ப்பிருக்கு" என்றார் டாக்டர். எங்களுக்கு அதுதான் காதில் விழுந்தது. இருபத்தைந்து நாள். அதைச் சரியாகக் கடத்தினால் அக்காள் பிழைப்பாள்.

கரண்ட் என்று எல்லோரும் சொன்னாலும் அது கரண்ட் இல்லை, கதிர். தடித்த கதவு போட்ட அறைக்குள் கோபால்ட் மெஷின் இருந்தது. முதல் நாள் வேறொரு அறையில் அக்காளைப் படுக்க வைத்து, இடது கையைத் தலைக்கு மேல் தூக்கி ஒரு கட்டையில் வைத்து, எக்ஸ்ரே மாதிரி படம் எடுத்துப் பார்த்து, நெஞ்சில் ஊதா மையால் பெட்டி மாதிரி நான்கு கோடு போட்டார்கள். அந்தப் பெட்டிக்குள்தான் தினமும் கதிர் விழ வேண்டும். மெஷினிலிருந்து விழும் ஒரு வெளிச்சத்தைக் கோட்டோடு பொருத்திப் பார்த்துவிட்டுத்தான் கதிரை வைப்பார்கள். மெஷின் அறையில் இருந்த ஜானகியம்மாள்தான் எங்களுக்கு விவரம் சொன்னாள். ஐம்பது வயதுப் பெண். கண்ணாடியைக் கயிறு போட்டுக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பாள்.

"சோப்பு கூடாது, எண்ணெய் கூடாது, பவுடர் கூடாது. அந்த எடத்துல தண்ணி படாமப் பாத்துக்கோங்க. கோடு அழிஞ்சா வந்து சொல்லுங்க" என்றாள். அவளுக்குப் பின்னால் வரிசையில் அறுபது பேர் நின்றார்கள். அதற்குமேல் சொல்ல அவளுக்கு நேரமில்லை. கேட்க எங்களுக்குத் தெரியவில்லை.

மாமாவுக்கு ஷிப்மெண்ட். முதல் நாள் வந்ததோடு சரி. தினமும் நான்தான் லீவு போட்டு அக்காளோடு போனேன். காலையில் ஆறு மணிக்குப் பழைய பஸ் ஸ்டாண்டில் ஏறினால் கோயமுத்தூர் போய்ச் சேர ஒன்றேமுக்கால் மணி நேரம். அங்கிருந்து டவுன் பஸ். ஆஸ்பத்திரி பெஞ்சில் இரண்டு மணி நேரம், சில நாள் மூன்று மணி நேரம். உள்ளே போய் வருவது ஐந்து நிமிசம். திரும்ப இரண்டு பஸ். வீட்டுக்கு வந்தால் சாயங்காலம். எனக்கு பஸ் என்றால் வாந்தி வரும். அதனால் ஜன்னலோரம் எனக்கு. இதற்கு முதல் நாளே ஒரு சண்டை போட்டு முடிவு செய்துவிட்டேன்.

"சுடுதாக்கா?" என்று முதல் நாள் கேட்டேன்.

"ஒண்ணுமே தெரியல. கதவச் சாத்திட்டு எல்லாரும் ஓடிப் போயிடறாங்க. தனியாக் கெடக்கறேன். ஒரு சத்தம் வருது, போகுது. அவ்வளவுதான்" என்றாள்.

பெஞ்சில் மூலனூர்க்காரி ஒருத்தி தினமும் எங்களுக்குப் பக்கத்தில் உட்காருவாள். வரும்போதெல்லாம் யாருக்காவது கொடுக்க ஒரு கட்டு முருங்கைக்காய் கொண்டுவருவாள். அவளுக்குக் கழுத்தில் கோடு. வேர்வையில் அது அழிந்துபோய்விட்டது. சொன்னபோது டாக்டர் ஊரில் இல்லை. அவர் வந்து மறுபடி படமெடுத்துக் கோடு போட ஆறு நாள் ஆனது. அந்த ஆறு நாளும் அவளுக்குக் கரண்ட் வைக்கவில்லை. "பாதியில நின்னா நோவு மறுக்காத் திரும்பிக்குமாமுங்க" என்று எங்களிடம் சொல்லிச் சொல்லி அழுதாள். அக்காள் அதைக் கேட்டுக்கொண்டு தன் சேலைத் தலைப்பை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டாள். அன்று முதல் கோடுதான் உயிர் என்று ஆகிவிட்டது எங்கள் வீட்டில்.

பத்து நாள் முடிந்தது. பதினோராம் நாள் பெரிய வெள்ளி, கரண்ட் அறைக்கு லீவு. மாமா ஊரில் மாரியம்மன் திருவிழா, எங்கள் பக்கம் நோம்பி என்போம். அன்றைக்கு மஞ்சள் நீர். "வருசமெல்லாம் பஸ்ஸுதானா? ஒரு நாளு நோம்பி பாத்துட்டு வரலாமுங்க" என்று அக்காள்தான் கேட்டாள். போனோம்.

மஞ்சள் நீர் என்றால் முறைக்காரர்கள் ஒருத்தர் மேல் ஒருத்தர் மஞ்சள் தண்ணி ஊற்றி விளையாடுவது. கொழுந்தியாளாகப்பட்டவள் அக்காள் புருசனைச் சும்மா விட்டால் ஊரே சிரிக்கும். நான் ஒரு சொம்பை மறைத்து எடுத்துக்கொண்டு மாமாவைத் துரத்தினேன். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் எங்கள் மத்தியில் சிரிப்புச் சத்தம் கேட்டது. அவர் ஓடினார், தூணைச் சுற்றினார், நான் வீசினேன், அவர் குனிந்தார். அவருக்குப் பின்னால் அக்காள் நின்றிருந்தாள்.

கழுத்திலிருந்து இடுப்பு வரை நனைந்துபோனாள். அக்காள் உள்ளே போனாள். நானும் போய்ப் பார்த்தேன். ஜாக்கெட்டைக் கழற்றும்போது துணியிலேயே ஊதா ஒட்டிக்கொண்டு வந்தது. நெஞ்சு நடுவில் இருந்த ஒரு கோடு மட்டும் லேசாகத் தெரிந்தது. மற்ற மூன்றும் போய்விட்டன.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் வீட்டில் இதே பேச்சு. டாக்டர் அடுத்த வாரம் பூராவும் வெளியூர் என்று வியாழக்கிழமையே பெஞ்சில் பேசிக்கொண்டார்கள். போய்ச் சொன்னால் மூலனூர்க்காரி கதைதான். நான் வாயைத் திறக்கவில்லை. ஊற்றியவள் நான். என்ன சொன்னாலும் அந்தச் சொம்பில் போய்த்தான் முட்டும்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மாமா அக்காளின் ஆஸ்பத்திரி அட்டையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பெட்டியின் நீளமும் அகலமும் அதில் சென்டிமீட்டர் கணக்கில் எழுதியிருந்தது.

"அளவு இருக்குது. ஒரு கோடும் இருக்குது. இதுக்குமேல என்ன வேணும்? முப்பது வருசமா நான் வேற என்ன பண்ணீட்டிருக்கறேன்?" என்றார்.

"அழிஞ்சா வந்து சொல்லச் சொன்னாங்களேங்க" என்றாள் அக்காள்.

"சொன்னா நிறுத்திப் போடுவாங்க. நிறுத்துனா என்ன ஆகும்னு நீயே கேட்டியல்ல?"

அக்காள் ஜாக்கெட் ஊக்கை அவிழ்த்தாள். பிறகு, "சேரி, போடுங்க. சீக்கிரம் போடுங்க" என்று கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

கம்பெனியில் பண்டல் நம்பர் எழுதும் ஊதா மார்க்கர் பேனாவை மாமா கொண்டுவந்தார். இன்ச் டேப்பின் ஒரு முனையை நான் பிடித்தேன். அட்டையில் இருந்த அளவு துளி பிசகாமல், மிச்சமிருந்த கோட்டிலிருந்து அளந்து, மூன்று கோடும் போட்டார். ஆஸ்பத்திரிக்காரர்கள் போட்டதைவிட அழகாக இருந்தது. பார்த்துவிட்டு நானே அப்படிச் சொன்னேன்.

மை காய்ந்ததும், அவிழ்ந்த கூந்தலை முடிவதற்காக அக்காள் இரண்டு கையையும் மேலே தூக்கினாள். தோலோடு சேர்ந்து மேல்கோடு இருந்த இடத்தை விட்டு மேலே ஏறியது. இரண்டு விரல் அகலம் இருக்கும். கையை இறக்கியதும் பழைய இடத்துக்கு வந்துவிட்டது. மாமா அப்போது பேனாவுக்கு மூடி போட்டுக்கொண்டிருந்தார். நான் பார்த்தேன்.

பீஸை இழுத்துப் பிடித்து அளந்தால் அளவு மாறும் என்று வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். ஆஸ்பத்திரியில் கையைத் தூக்கித்தான் படுக்க வைப்பார்கள் என்பதும் தெரியும். சொல்ல வேண்டியதுதானே? சொல்லவில்லை. கோடு சரியில்லை என்று சொன்னால் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சொல்ல வேண்டிவரும், எப்படி அழிந்தது என்று கேட்பார்கள், என் பெயர் வரும். என்னை இன்றைக்கு வரைக்கும் அரித்துத் தின்பது அந்த ஒரு நிமிசம்தான்.

திங்கட்கிழமை ஜானகியம்மாள் இல்லை. சொந்தக்காரர் கல்யாணத்துக்கு லீவில் போய்விட்டாள். அவளுக்குப் பதிலாக வந்த பெண் ஒரே ஆளாக மொத்த வரிசையையும் பார்த்தாள். "பரவால்லயே, உங்க கோடு மட்டும் பளிச்சுன்னு இருக்கு" என்று சந்தோசப்பட்டாளாம். மெஷின் வெளிச்சத்தைவிடப் பெட்டி கொஞ்சம் நீளமாக இருக்கிறதே என்றாளாம். பிறகு மேல்கோட்டுக்கு வெளிச்சத்தைச் சரியாகப் பொருத்திவிட்டு வெளியே போய்விட்டாளாம். வெளியே வந்ததும் அக்காள் இதையெல்லாம் சொன்னாள். சொல்லிவிட்டு பஸ்ஸில் கண்ணை மூடிக்கொண்டாள். அப்படியே ஏழு நாள் போனது.

எட்டாம் நாள் ஜானகியம்மாள் வந்துவிட்டாள். அக்காளை உள்ளே கூட்டிப் போனவள் இரண்டு நிமிசத்தில் வெளியே வந்து என்னைக் கூப்பிட்டாள். அக்காள் கையைத் தூக்கிப் படுத்திருந்தாள். கதிர் பட்ட தோல் கறுக்கத் தொடங்கியிருந்தது. ஆனால் ஒரு கறுப்பு இல்லை, இரண்டு. பத்து நாள் பட்ட இடம் ஒன்று, அதற்கு மேலே தள்ளி ஏழு நாள் பட்ட இடம் ஒன்று. கலர் தள்ளி விழுந்த பிரிண்ட் பனியன் எத்தனையோ ஒதுக்கிப் போட்டிருக்கிறேன். அதேதான்.

ஜானகியம்மாள் தழும்பின் மேல் ஒரு மெல்லிய ஈயக் கம்பியை ஒட்டி, முதுகுக்கு அடியில் ஃபிலிம் வைத்து அந்த மெஷினிலேயே ஒரு படம் எடுத்தாள். மங்கலான படம்தான். ஆனாலும் கம்பி தெரிந்தது. கம்பியின் அடி முனை கதிர் விழுந்த பெட்டிக்கு வெளியே நின்றது.

"யாரும்மா இந்தக் கோட்டைப் போட்டது?" என்றாள்.

நான் மாமாவின் பெயரைச் சொன்னேன். அதற்கு மட்டும் வாய் வந்தது.

மறுநாள் மாமா வந்தார். கழுத்தில் இன்ச் டேப்போடு வந்து நின்றார். டாக்டர் கத்துவார் என்று எதிர்பார்த்தோம். அவர் கத்தவில்லை. அலுத்துப்போன குரலில், "நீங்க சொல்லியிருக்கணும். எங்க ஆளும் பாத்திருக்கணும்" என்றார். ஜானகியம்மாள்தான் அக்காளைக் கையைத் தூக்கி இறக்கச் சொல்லி மாமாவுக்குக் காட்டினாள். கோடு ஏறியது, இறங்கியது. மறுபடி ஏறியது.

மாமா அதைப் பார்த்த பார்வையை நான் மறக்கமாட்டேன். கையைக் கட்டிக்கொண்டு முதலாளியையே எதிர்த்து நின்ற மனுசன், சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"தளர்ந்த துணியில மார்க் பண்ணி, இழுத்து வெட்டுன மாதிரி ஆகிப் போச்சுங்க" என்றார். "நானு... எனக்குத் தெரியோணுமல்லங்க?"

டாக்டருக்கு அது புரிந்திருக்காது. எனக்குப் புரிந்தது. அப்போதாவது, நானும் பார்த்தேன் மாமா என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

மறுபடி படமெடுத்து, மறுபடி கோடு போட்டார்கள். விட்டுப்போன இடத்துக்குச் சேர்த்து வைத்ததில் இருபத்தைந்து நாள் முப்பத்திரண்டு நாள் ஆனது. இரண்டு தடவையும் பட்ட இடத்தில் தோல் உரிந்து புண்ணாகிவிட்டது. அக்காள் அந்தப் பக்கம் துணி படாமல் தோளைத் தூக்கிக்கொண்டே ஒரு மாதம் நடந்தாள். இருந்தாலும் முடிந்தது. மூலனூர்க்காரி கடைசி நாள் எங்களுக்கும் ஒரு கட்டு முருங்கைக்காய் கொடுத்தாள்.

மூன்று வருசம் நன்றாக இருந்தாள். தொண்ணூற்றைந்து ஆடியில் தழும்பின் அடி முனையில் கொள்ளுப் பயறு அளவில் மூன்று சின்ன முண்டு. டாக்டர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார், நுரையீரலிலும் இருந்தது. "அன்னைக்குக் கோடு தள்ளிப் போனதாலதானுங்களா?" என்று மாமா கேட்டார். "அதனாலதான்னு யாராலயும் சொல்ல முடியாது. இல்லைன்னும் சொல்ல முடியாது" என்றார் டாக்டர். அடுத்த தை மாதம் அக்காள் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு மாமா வேலைக்குப் போனார், வந்தார், சாப்பிட்டார். ஆனால் அந்தப் பழைய மனுசன் இல்லை. ஒரு அவசர ஆர்டருக்கு, வந்த துணியை அப்படியே வெட்டச் சொன்னார் முதலாளி. மாமா சரிங்க என்று வெட்டினார். முதலாளியே கொஞ்சம் பயந்துபோய், "ஏனுங்க மாஸ்டர், சண்டை போடலயா?" என்று கேட்டாராம். வீட்டுக் காலண்டர் மாதக்கணக்கில் சாய்ந்தே தொங்கியது. ஒரு நாள் பொறுக்கமுடியாமல் நானே அதை நேராக்கினேன். அவர் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். கொழுந்தியாளும் மாமனும் ஒரே வீட்டில் இருக்கிறார்களே என்று தெருவில் பேசினார்கள். பேசட்டும் என்று விட்டோம். எதிர்த்துப் பேச இரண்டு பேருக்கும் தெம்பில்லை.

தொண்ணூற்றெட்டில் திருப்பூரிலேயே ஒரு ஸ்கேன் சென்டரில் மார்புப் படம் எடுக்கிற மெஷின் வந்துவிட்டது. கூடப் பிறந்தவளுக்கு வந்திருப்பதால் நானும் எடுத்துப் பார்க்க வேண்டும் என்று சொன்னார்கள். மாமாதான் பிடிவாதமாகக் கூட்டிப் போனார். அதே இரண்டு தட்டு. அதே அமுக்கு. படமெடுத்துவிட்டு வெளியே பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். இதற்குமேல் அதை மனசுக்குள் வைத்துக்கொண்டிருக்க முடியாது என்று தோன்றியது.

"மாமா, ஒண்ணு சொல்லோணுங்க."

"சொல்லு அம்மிணி."

"நீங்க கோடு போட்ட அன்னைக்கு, அக்கா தலை முடியறதுக்குக் கையத் தூக்குனா. கோடு மேல போச்சுங்க. நான் பாத்தேன். பாத்துட்டுப் பேசாம இருந்துட்டேன்."

அவர் என்னைத் திட்டுவார், எழுந்து போய்விடுவார், அடித்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அவர் தன் முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீயுமா?" என்றார்.

"நீயுமான்னா? வேற யாருங்க?"

"உங்கக்காளுக்குத் தெரியும்." கையிலிருந்த குடையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார். "கடைசி மாசம், மூச்சு வாங்கீட்டிருந்தப்ப, எங்கிட்டச் சொன்னா. கையத் தூக்கிப் படுத்தப்பவே வெளிச்சம் எப்பவும் உளுகற எடத்துல உளுகலயாம். அந்தப் பொண்ணுகிட்டச் சொல்லலாம்னு வாயெடுத்தாளாம். சொன்னா மறுக்கா மொதல்ல இருந்து பஸ் ஏறச் சொல்லுவாங்க, அலுத்துப் போச்சுங்க, எப்படியோ முடிஞ்சாச் சேரின்னு கண்ண மூடிட்டனுங்கன்னா."

அப்புறம் கேட்டேன்.

"எங்கிட்ட ஏனுங்க இத்தன நாளும் சொல்லுல?"

"அவதான் வேண்டாம்னா. தண்ணி ஊத்துனதையே அவ நெனச்சுட்டுக் கெடக்கறா, இதையும் சொல்லி நோக வெக்காதீங்கன்னா."

உள்ளேயிருந்து என் பெயரைக் கூப்பிட்டார்கள். படத்தில் ஒன்றுமில்லையாம். ஒரு வருசம் கழித்து வந்தால் போதும் என்றார்கள். சரிங்க என்று கவரை வாங்கிக்கொண்டு வெளியே வந்து, ரோட்டோரத்தில் நின்று அழுதேன். மாமா குடையை விரித்து என் பக்கமாகப் பிடித்துக்கொண்டு நின்றார்.

முப்பத்திரண்டு நாள் அந்த பஸ்ஸில் போய் வந்திருக்கிறோம். ஒரு நாள்கூட நான் ஜன்னலோரத்தை விட்டுக்கொடுக்கவில்லை. வழியில் ஏறுகிறவன் இறங்குகிறவன் எல்லாம் அவளை இடித்துக்கொண்டு போனான். அறுத்த பக்கத்தைக் கையால் மறைத்துக்கொண்டு அவள் நடைவழி ஓரத்தில் உட்கார்ந்து வந்தாள். முடியுதா அக்கா என்று நான் ஒரு தடவை கேட்டிருந்தால், அவள் சொல்லியிருப்பாள்.